வெள்ளவத்தையில் மூன்று அமர்வுகள்: தலைமுடிக்கான பி.ஆர்.பி. சிகிச்சை பற்றிய ஒரு மதிப்பீடு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இயங்கும் தோல், முடிச் சிகிச்சை நிலையமொன்றில் மாதத்துக்கு ஒன்றாக மூன்று தடவைகள் பி.ஆர்.பி. சிகிச்சை செய்துகொண்டேன். சொந்தக் குருதியை எடுத்து, அதிலுள்ள சிறுதட்டுகளை, அதாவது பிளேற்லெற்றுகளை, செறிவாக்கி, உச்சந்தலையில் ஊசியால் திருப்பி ஏற்றுவதே இச்சிகிச்சை. ஓர் அமர்வுக்கு 22,000 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டினால் 60,000. நான் சேர்த்தே கட்டினேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருத்தியின் அனுபவத்தை வைத்து ஓரிடத்தின் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. அதோடு, உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவள் என்ற முறையில், அந்த இடத்தைவிட அங்கே ஒரு சிறு குழாய்க்குள் நின்ற திரவமே என் கவனத்தை அதிகமாக இழுத்தது.

முடி கொட்டத் தொடங்கிய காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். மதிப்பீட்டின் முடிவு அதில்தான் தங்கியிருக்கிறது. எனக்கு டெங்கு வந்தது. சிறுதட்டுகளின் எண்ணிக்கை 38,000 வரை இறங்கி, ஒரு வாரம் வைத்தியசாலையில் கிடந்து, பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்த உறவினர்களையெல்லாம் சமாளித்து வீடு திரும்பினேன். கொழும்பில் வசிப்பவர்களுக்கு இந்த எண்ணின் பொருளை விளக்கத் தேவையில்லை. பிளேற்லெற் எத்தனை என்று கேட்பது இங்கே சுகம் விசாரிப்பதன் ஒரு பகுதியாகிவிட்டது. வழமையான எண்ணிக்கை ஒரு மைக்கிரோலீற்றருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை. வீடு திரும்பி இரண்டரை மாதம் சென்றதும், சீப்பில் வருவது போதாதென்று தலையணையிலும் குளியலறைத் துளையிலும் முடி சேரத் தொடங்கியது. நடு வகிடு ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது.

நிலையத்தின் வெளிப்படையான தரம் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. இடம் துப்பரவாக இருந்தது. ஊசி, குழாய், கையுறை எல்லாம் என் கண்முன்னே உறை பிரிக்கப்பட்டன. மஞ்சள் மூடியிட்ட இரண்டு குழாய்களில் சுமார் 20 மில்லிலீற்றர் குருதி எடுத்தார்கள். உறையாமல் தடுக்கும் சித்திரேற்றுக் கரைசல் அக்குழாய்களில் முன்பே இருக்கிறது. மையநீக்கியில் முதல் தடவை மெதுவாகச் சுழற்றியதும் குழாய் இரண்டாகப் பிரிந்தது: அடியில் செங்குழியங்களின் கருஞ்சிவப்பு, மேலே பழைய நல்லெண்ணெயின் நிறத்தில் திரவவிழையம் என்ற குருதியின் திரவப் பகுதி, இரண்டுக்கும் நடுவே ஆறிய பாலின் ஆடைபோல ஒரு மெல்லிய வெண்படலம். மேற்பகுதியை மட்டும் இன்னொரு குழாய்க்கு மாற்றி, இரண்டாம் தடவை வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்த சிறுதட்டுகளைக் கொஞ்சத் திரவவிழையத்தில் கலக்கி எடுத்தார்கள். இறுதியில் கிடைத்தது 3 மில்லிலீற்றர் இருக்கும். அதைத் தொழில்நுட்பவியலாளரான இளைஞர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சாய்த்தபோது உள்ளே புகைபோல ஒன்று சுழன்றது. உயிருள்ள, குழம்பாத சிறுதட்டுகள் அப்படித்தான் சுழலும் என்று அவர் சொன்னார். தன் வேலையை விரும்பிச் செய்கிறவர் என்பது அந்த ஒரு கணத்திலேயே தெரிந்தது.

காத்திருப்பறையில் தந்த கைநோட்டுத்தான் எனக்குக் குறையாகப் பட்டது. சிறுதட்டுகளில் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, அவை முடிவேர்க் கலங்களை வளரச் செய்யும் என்று அதில் எழுதி, ஏழு புரதங்களின் பெயர்களை வண்ண வட்டங்களில் போட்டிருந்தார்கள். எழுதியது பிழையல்ல. 1974 இல் சியாட்டில் நகரில் ரசல் றொசும் அவரது குழுவினரும், உறைந்த குருதியிலிருந்து வடியும் நீர்ப்பாயம் கலங்களைப் பெருகச் செய்கிறது, உறையாமல் பிரித்தெடுத்த திரவவிழையம் அவ்வாறு செய்வதில்லை என்று காட்டினார்கள்; உறைதலின்போது சிறுதட்டுகள் வெளியிடும் ஏதோவொன்றே வேறுபாட்டுக்குக் காரணம் என்ற அந்த முடிவிலிருந்துதான் சிறுதட்டுவழி வளர்ச்சிக் காரணி என்ற புரதம் கண்டெடுக்கப்பட்டது. பி.ஆர்.பி. என்ற எண்ணத்துக்கே அதுதான் மூலம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை, கைநோட்டு மட்டும் நின்றுவிட்டது. நீர்ப்பாயத்தின் வளர்ச்சித் தூண்டலில் ஒரு பெரும் பங்கு புரதமே அல்ல; அது கொழுப்பு.

கொழுப்பு என்றதும் எண்ணெய்ப் போத்தலும் இடுப்புச் சுற்றளவும் நினைவுக்கு வருவது இயல்பு. வகுப்பிலும் நாம் இலிப்பிட்டுகளை, அதாவது கொழுப்பு வகைகளை, சேமிப்பு, காவலி, கலமென்சவ்வின் கட்டுமானம் என்ற மூன்று தலைப்புகளில் முடித்துவிடுகிறோம். மென்சவ்விலுள்ள பொசுபோலிப்பிட்டுக்கு இரண்டு கொழுப்பமில வால்கள் உண்டு. நொதியமொன்று அவற்றில் ஒன்றை வெட்டிவிட்டால், எஞ்சுவது மென்சவ்வில் உறுதியாகப் பொருந்தாமல் நழுவி வெளியேறக்கூடிய ஒரு சிறு மூலக்கூறு. அதன் தலைப்பகுதியையும் இன்னொரு நொதியம் கத்தரித்தால், கிளிசரோல், ஒரு பொசுபேற்று, ஒரேயொரு வால் என்ற எளிய அமைப்புள்ள லைசோபொஸ்பற்றிடிக் அமிலம் கிடைக்கும். ஆய்வுகூடங்களில் எல்.பி.ஏ. என்றே அழைக்கிறார்கள். நெதர்லாந்தில் வூட்டர் மூலனாரின் குழு 1989 இல், இந்த அமிலத்தை மட்டும் சேர்த்தாலே ஓய்ந்து கிடந்த நார்க்கலங்கள் பிரியத் தொடங்குவதைக் காட்டியது. 1991 இல் சாரா ஸ்பீகலின் குழு, வேறொரு வகை மென்சவ்வு இலிப்பிட்டிலிருந்து வரும் ஸ்பிங்கோசின்-1-பொஸ்பேற்றுக்கும் கல வளர்ச்சியில் பங்குண்டு என்று அறிவித்தது, இதனை எஸ்.1.பி. என்பார்கள். 1992 இல் இலண்டனில் ஆன் ரிட்லியும் அலன் ஹோலும், நீர்ப்பாயத்தைச் சேர்த்தவுடன் கலத்துக்குள் இழைகள் முறுகி இறுகுவதற்கு அதிலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டி வரும் எல்.பி.ஏ.யே காரணம் என்று கண்டார்கள். கட்டடத்தின் செங்கல் என்று நாம் கரும்பலகையில் வரைந்துவிட்டுப் போன பொருள், உடைக்கப்பட்ட மறுகணம் அயலுக்குச் சேதி கொண்டு ஓடுகிறது.

அந்தச் சேதி கலத்துக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை ஒரு பந்தியாவது சொல்லாமல் விட்டால் நான் ஆசிரியை அல்ல. இவ்விரு இலிப்பிட்டுகளுக்கும் கலமேற்பரப்பில் சேதியை ஏற்கும் புரதங்களான தனித்தனி வாங்கிகள் இருக்கின்றன, எல்.பி.ஏ.க்கு ஆறு, எஸ்.1.பி.க்கு ஐந்து. முதலாவது எல்.பி.ஏ. வாங்கியை 1996 இல் ஜெரோல்ட் சுன்னின் குழு எலியின் வளரும் மூளையில் தேடிப் பிடித்தது. இவையெல்லாம் மென்சவ்வை ஏழு தடவை ஊடறுக்கும், சேதியை உள்ளே கடத்தும் ஜி-புரதத்தோடு இணைந்த வாங்கிகள். எந்த ஜி-புரதம் உட்பக்கத்தில் காத்திருக்கிறதோ அதற்கேற்ப விளைவு மாறும். ஒரு வகை ராஸ், ஈ.ஆர்.கே. என்ற புரதங்களின் தொடரை எழுப்பி, கலம் பிரிவதற்கு முன் ஓய்வுநிலையிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரதிசெய்யும் கட்டத்துக்குச் செல்லத் தேவையான சைக்கிளின் என்ற புரதங்களை ஆக்குவிக்கும். இன்னொரு வகை கல்சியத்தை அவிழ்த்துவிடும். மூன்றாவது வகை றோ என்ற ஆளியின் மூலம் அக்தின் இழைகளை இறுக்கும். இழைகள் இறுகும்போது, வழமையாக உட்கருவுக்கு வெளியே தடுத்து வைக்கப்படும் யாப் என்ற புரதம் விடுபட்டு உட்கருவுக்குள் நுழைந்து, வளர்ச்சிக்குரிய பரம்பரையலகுகளை இயக்கும். நீர்ப்பாயத்தில் யாப் புரதத்தை இப்படி எழுப்புவது எது என்று 2012 இல் தேடியபோதும் அகப்பட்டவை இதே எல்.பி.ஏ.யும் எஸ்.1.பி.யும்தான்.

முடியைப் பொறுத்தவரையில் இது சுற்றி வளைத்துச் சொல்லும் நியாயமல்ல என்பதுதான் என்னை வியக்க வைத்தது. பிறவியிலேயே முடி அரிதாகவும் சுருண்டும் வளரும் ஒரு பரம்பரைக் குறைபாட்டுக்குக் காரணமான பரம்பரையலகை, 2006 இல் ரஷ்யாவின் வொல்கா ஆற்றுப் பகுதிக் குடும்பங்களில் கண்டுபிடித்தார்கள். அது எல்.பி.ஏ.யை உண்டாக்கும் ஒரு நொதியத்துக்குரியது. 2008 இல் அதே தோற்றமுள்ள வேறு குடும்பங்களில், பாகிஸ்தானியக் குடும்பங்கள் உட்பட, எல்.பி.ஏ.யின் ஆறாவது வாங்கி பழுதுபட்டிருப்பது தெரியவந்தது. கொடுப்பவர் பழுதானாலும் முடி இல்லை, வாங்குபவர் பழுதானாலும் முடி இல்லை. இதைவிடத் தெளிவான சான்றை இயற்கையிடம் கேட்க முடியாது. பின்னர் எலிகளில் செய்த ஆய்வு, முடிப்புடைப்பினுள் இந்த இலிப்பிட்டுச் சேதி கிடைத்ததும் மென்சவ்வில் கட்டுண்டிருக்கும் ஒரு புரத வளர்ச்சிக் காரணி கத்தரிக்கப்பட்டு விடுதலையாவதைக் காட்டியது. அதாவது கைநோட்டில் வட்டம் போட்டுக் காட்டும் வகையைச் சேர்ந்த ஒரு புரதத்தை வேலைக்கு அனுப்புவதே கைநோட்டில் இல்லாத கொழுப்பு. கண்ணிமை முடியை நீட்டுவதற்கென 2008 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட பிமற்றோபுறொஸ்ற் என்ற மருந்தும் புறொஸ்ரகிளாண்டின் என்ற இன்னொரு இலிப்பிட்டுக் குடும்பத்தின் சாயலில் செய்யப்பட்டது. அதே குடும்பத்தின் வேறொரு உறுப்பினர் வழுக்கைப் பகுதித் தோலில் கூடுதலாக இருப்பதையும் அது முடி வளர்ச்சியைத் தடுப்பதையும் 2012 இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் வளர்ப்பார், மற்றவர் வெட்டுவார். நம் ஊர்க் குடும்பங்களைப் போலவே.

இவ்வளவையும் அறிந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்ததால், என் கண் முழுவதும் கடிகாரத்தில் இருந்தது. புரதக் காரணிகள் சிறுதட்டின் மணியுருக்களில் முன்கூட்டியே அடைத்து வைக்கப்பட்டவை. எஸ்.1.பி.யும் ஓரளவு அப்படியே. அதைச் சிதைக்கும் நொதியம் சிறுதட்டில் இல்லாததால் சேர்ந்து கிடக்கும். எல்.பி.ஏ. அப்படியல்ல. தூண்டப்பட்ட சிறுதட்டுகள் விடுவிக்கும் மூலப்பொருளையும் திரவவிழையத்தில் ஏற்கெனவே உள்ள மூலப்பொருளையும், திரவவிழையத்திலேயே மிதக்கும் ஓட்டோடாக்சின் என்ற நொதியம் வெட்டி வெட்டி எல்.பி.ஏ.யை ஆக்குகிறது. புதிதாக எடுத்த திரவவிழையத்தில் மிகக் குறைவாக இருக்கும் எல்.பி.ஏ., குழாயை இளஞ்சூட்டில் வைத்திருக்க வைத்திருக்கக் கூடும். உடலுக்குள் போனதும் சில நிமிடங்களில் சிதைந்தும் விடும். ஆகவே குருதி எடுத்ததற்கும் ஊசி ஏற்றியதற்கும் இடையில் எத்தனை நிமிடம், எந்த வெப்பநிலை என்பவை ஏற்றப்படும் மருந்தின் இயைபையே மாற்றுபவை. முதல் அமர்வில் குழாய் தயாரான பின்னர் மருத்துவர் வர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. குழாய், குளிரூட்டியின் காற்று நேரே படும் மேசையில், மரத்தாங்கியில் நின்றது.

“மிஸ், இன்னும் ஒரு பத்து நிமிஷம் இருங்கோ, டொக்டர் வந்திடுவார்” என்றார் இளைஞர்.

“நான் இருப்பன் தம்பி, அந்தக் குழாய் இருக்குமோ?” என்று கேட்டேன். அவர் சிரித்தார், ஆனால் கேள்வியைப் புரிந்துகொண்டார். இரண்டாம் அமர்வில் சுழற்றி முடித்த கையோடு ஏற்றினார்கள். மூன்றாம் அமர்வில், வேறொரு மருத்துவர், ஏற்றுவதற்குச் சற்று முன்னர் கல்சியம் குளோரைட்டைச் சேர்த்துச் சிறுதட்டுகளைத் தூண்டிவிட்டார். முதலிரு அமர்வுகளிலும் அது சேர்க்கப்படவில்லை. 60,000 ரூபாய்க்கு ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு திரவங்களை வாங்கியிருக்கிறேன் என்பதே என் முதன்மையான முறைப்பாடு. குழாயில் ஒரு மைக்கிரோலீற்றருக்கு எத்தனை சிறுதட்டு என்று எண்ணிப் பார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. பத்து இலட்சம் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். டெங்குக் காலத்தில் நாளுக்கு இரண்டு தடவை சிறுதட்டை எண்ணும் நகரத்தில், அதையே விலைக்கு விற்கும்போது மட்டும் எண்ணாமல் விடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

சிகிச்சைக்கு முன்னர் நிரப்பத் தந்த படிவம் பாதி நல்லது. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே அஸ்பிரினும் அதுபோன்ற நோநிவாரணிகளும் எடுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. காரணத்தைக் கேட்டபோது வரவேற்பிலிருந்த பெண், குருதி கூட ஓடும் என்றார். உண்மையான காரணம் மீண்டும் இலிப்பிட்டுதான். சிறுதட்டுகள் ஒன்றையொன்று தட்டியெழுப்பத் துரொம்பொக்சேன் என்ற இலிப்பிட்டை அந்த இடத்திலேயே உற்பத்தி செய்கின்றன; அரை நிமிடத்துக்குள் பாதியாகச் சிதைந்துவிடும் அளவுக்கு ஆயுள் குறைந்த பொருள் அது. அதை ஆக்கும் நொதியத்தை அஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடும். சிறுதட்டுக்கு உட்கரு இல்லாததால் புதிய நொதியத்தை ஆக்கிக்கொள்ளவும் வழியில்லை. அந்தச் சிறுதட்டு தன் ஏழு முதல் பத்து நாள் ஆயுளை அப்படியே கழித்துவிடும். ஆகவே ஒரு வாரக் கணக்கு பொருத்தமானதே. ஆனால் இதயநோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் தம் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தக்கூடாது என்ற ஒரு வரியைப் படிவத்தில் சேர்த்தேயாக வேண்டும். முடிக்காக மாரடைப்பை விலைக்கு வாங்க முடியாது.

படிவத்தில் இல்லாத கேள்வி, புற்றுநோய் வரலாறு பற்றியது. கலங்களை வளர், பிரி என்று தூண்டும் சேதி நல்ல கலம், கெட்ட கலம் என்று பார்ப்பதில்லை. சூலகப் புற்றுநோயாளரின் வயிற்றில் சேரும் நீரில் எல்.பி.ஏ. மிகுதியாக இருப்பது 1990களிலிருந்தே தெரிந்த செய்தி. ஓட்டோடாக்சின் என்ற அந்த நொதியமே முதன்முதலில் 1992 இல் மெலனோமாப் புற்றுநோய்க் கலங்களிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. பி.ஆர்.பி. புற்றுநோயைத் தரும் என்று நான் சொல்லவில்லை. முன்பு புற்றுநோய் இருந்தவரிடம், ஊசி ஏற்றும் இடத்தில் சந்தேகமான மச்சமோ புண்ணோ உள்ளவரிடம், அதைக் கேட்டறிந்த பின்னரே இதைச் செய்ய வேண்டும் என்கிறேன். கேட்பதற்கு ஒரு பெட்டியும் ஒரு சரி அடையாளமும் போதும்.

வெளியேறும்போது காசு வாங்கும் மேசையில் ஒரு போத்தல் காட்டினார்கள். செரமைட் அடங்கிய தலைச் சீரம், 6,500 ரூபாய். கலங்களை வளரத் தூண்டும் இலிப்பிட்டு என்று அந்தப் பெண் மனப்பாடமாகச் சொன்னார். பாவம், அவரது பிழையல்ல. செரமைட், எஸ்.1.பி.யின் நெருங்கிய உறவுதான். நொதியங்கள் ஒன்றிலிருந்து மற்றதை ஆக்குகின்றன. ஆனால் கலத்துக்குள் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை: எஸ்.1.பி. பெருகச் சொல்லும், செரமைட் நிறுத்தச் சொல்லும், மிஞ்சினால் கலத்தைத் தானாகவே மடியச் சொல்லும். தோலின் வெளியடுக்கில் அதே செரமைட் கற்களுக்கிடையிலான சாந்துபோல நின்று ஈரத்தைக் காக்கிறது. வெளியே பூசும்போது பயன்படுவது அந்தக் குணம்தான். வறண்ட முடிக்கும் தோலுக்கும் நல்ல பொருளாக இருக்கலாம். வளர்ச்சிக்கென்று வாங்கினால் போத்தலில் எழுதியதற்கு நேர்மாறான பொருளுக்குக் காசு கொடுத்ததாகும். நான் வாங்கவில்லை.

இனி விளைவு. ஒவ்வொரு மாதமும் ஒரே யன்னலருகில், ஒரே நேரத்தில், வகிட்டின் மேல் என் மாணவர்களின் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்தேன். முதல் அமர்வின்போது 14 மில்லிமீற்றராக இருந்த வகிடு, மூன்றாவது முடிந்து ஆறு வாரத்தில் 8 மில்லிமீற்றர். நெற்றியோரம் குட்டை முடிகள் பனங்கிழங்கின் நார்போல நிமிர்ந்து நிற்கின்றன. ஊசி வலித்தது, மரத்துப்போகும் களிம்பு பூசியும் உச்சியில் கண்ணீர் வந்தது, அன்றிரவு தலை கனத்தது, வேறு துன்பம் இல்லை. வெற்றி என்று சொல்லிவிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன், டெங்கு மட்டும் இல்லாவிட்டால். கடும் காய்ச்சலுக்கு இரண்டு, மூன்று மாதங்களின் பின் கூட்டமாக முடி உதிர்வதும், சில மாதங்களில் அது தானாகவே மீள முளைப்பதும் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று. என் முடி எந்த ஊசியும் இல்லாமலே திரும்பி வந்திருக்கும் நாட்கணக்கில்தான் வந்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே காய்ச்சல் வந்ததா என்று கேட்டு, பொறுத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தால் அவர்கள் 60,000 ரூபாயை இழந்திருப்பார்கள். என் மதிப்பை இழந்திருக்க மாட்டார்கள். டெங்குக்குப் பின் முடி கொட்டுகிறவர்கள் ஆறு மாதம் கைகட்டி இருப்பதே நல்லது. பரம்பரையாக உச்சி மெலிந்து வருகிறவர்கள் போக விரும்பினால், சிறுதட்டு எண்ணிக்கையை எழுதித் தரும் இடமாகப் பார்த்துப் போகட்டும். மருத்துவர் வந்து சேர்ந்த பின்னரே குருதி எடுக்குமாறு கேட்கட்டும்.

துப்பரவுக்கும் அந்த இளைஞரின் கைத்திறனுக்குமாக ஐந்தில் மூன்று கொடுக்கிறேன். நான்காவது அமர்வைக் கழிவு விலையில் செய்யலாம் என்று போன வாரம் அழைத்தார்கள். சிறுதட்டை எண்ணிச் சொல்வீர்களா, குழாயில் நேரம் எழுதுவீர்களா என்று கேட்டேன். டொக்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கிறோம் என்றார்கள், இன்னும் எடுக்கவில்லை.